சிவப்புப் பொத்தான்

என் மேசைமேல் ஒரு பழைய மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதன் பச்சைப் பொத்தான் தேய்ந்து வெளுத்துவிட்டது. சிவப்பு மட்டும் பளிச்சென்றிருக்கிறது. இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகர் மேசைக்கு இது எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

கொடுத்தனுப்பியவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். முதல் நாள் கிரீஸ் போகாத விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோயை விளக்குவது என் வேலை. இரண்டு மரபணுத் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொண்டு வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் சொல்கின்றன, மாத்திரை அந்த இடத்தையே குறிபார்த்துப் போய் அடைக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? பட்டறைக்காரர்தானே என்று, “சுவிட்ச் ஒண்ணு ஆன்லயே மாட்டிக்கிச்சுங்ணா. மாத்திரை அதை ஆஃப் பண்ணுமுங்க” என்றேன். அவர் முகம் தெளிந்தது. “அட, இவ்வளவுதானுங்களா அம்மணி! ஆகட்டுங்க.” என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாத்திரைக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டது. நாளடைவில் பரிசோதனையில் அந்த மரபணுவின் தடமே தெரியவில்லை. “சுவிட்ச் ஆஃப் ஆயிருச்சுங்ணா!” என்று சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். மாத்திரையை விடாமல் சாப்பிடும்படி மருத்துவர் சொன்னதற்கும் அவர் “ஆகட்டுங்க” என்றார். அந்தச் சொல் சம்மதமா, வெறும் மரியாதையா என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். நான் இங்கேதான் பிறந்தேன். இருந்தும் துருவிக் கேட்கவில்லை.

அதன்பின் அவர் பரிசோதனைக்கு வரவே இல்லை. கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்தார். ஸ்டார்ட்டரில் சிவப்பை ஒருமுறை அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். யாரும் விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நிற்பதில்லை. அப்படித்தான் புரிந்துகொண்டு மாத்திரையை நிறுத்தியிருந்தார். இப்போது மாத்திரைக்குப் பிடிகொடுக்காதபடி அந்த மரபணுவே உருமாறியிருந்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

வார்டில் அவர் மனைவி என்னிடமே கேட்டார்: “ஏங்கண்ணு, மாத்திரையை நிறுத்தச் சொன்னது ஆருங்க?” நான் கோப்பின் தாள்களைப் புரட்டினேன். கட்டிலிலிருந்து அவர்தான், “ஆருஞ் சொல்லுல. நானாத்தான் நிறுத்திப்போட்டேன், உடு” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கோப்பில் அப்படியே எழுதினேன்: நோயாளி தானாகவே மருந்தை நிறுத்திவிட்டார். வெட்கங்கெட்ட வரி அது.

அவர் இறந்து காரியமெல்லாம் முடிந்தபின் அந்த அக்கா ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து வைத்தார். “அடுத்தவங்களுக்குச் சொல்றப்ப அம்மணி இதை வெச்சுக் காட்டட்டும்னாருங்க.” என் பிசகு அந்த மனிதருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அன்றாவது அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “டீ குடிக்கறீங்களாக்கா?” என்றுதான் கேட்டேன்.

இப்போது புதிதாக வருகிறவர்களின் விரலைச் சிவப்பின்மேல் வைக்கச் சொல்கிறேன். “இதுல ஒருக்கா அழுத்துனாப் போதுமுங்க. உங்க ஒடம்புல அப்படியில்லீங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் விரலை எடுக்கவே கூடாது.” “ஆகட்டுங்க” என்கிறார்கள். “ஆகட்டும் வேண்டாமுங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்கிறேன். சொல்லிவிட்டு, இது யாருடையது என்று கேட்கிறார்கள். தெரிந்த அண்ணன் ஒருவருடையது என்கிறேன். கோப்பில் அந்த வரியை நான் இன்னும் திருத்தவில்லை.