வெந்த கிழங்கு

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அவருக்கு உலகத்தில் ஒரே வேதம்தான்: துணியை முதலில் நன்றாக வேக வைக்க வேண்டும். வேகாத துணி முரண்டு பிடிக்கும், தண்ணீரே குடிக்காது, பிறகு சாயம் எங்கே ஏறும்?

பிளஸ் ஒன் படிக்கும் எங்கள் மகளுக்கு நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளைப் போய் உயிரியல் டீச்சர் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லிவிட்டார். உருளைக்கிழங்கில் குழி தோண்டி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, அதன் மட்டத்தில் குண்டூசி குத்தி, கிண்ணத்துத் தண்ணீரில் வைக்க வேண்டும். கிழங்கின் செல்கள் வெளித் தண்ணீரை உள்ளே விட, குழியில் மட்டம் ஊசியைத் தாண்டி ஏறும். இதையே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அன்று காலை கிழங்கைக் குழி தோண்டி டப்பாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து, திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வகுப்பில் மட்டம் ஏறவே இல்லை. பிள்ளை கண்ணில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம். டீச்சர் கிழங்கை அழுத்திப் பார்த்துவிட்டு, இது வெந்திருக்கிறதே என்றாராம். உயிருள்ள செல்லின் சவ்வு ஆள் பார்த்துத்தான் உள்ளே விடும். வெந்து செத்துவிட்டால் கதவில்லாத வீடு, எதுவும் வரலாம், எதுவும் போகலாம். நாளைக்கு ஒரு பச்சைக் கிழங்கும் கொண்டு வா, இரண்டையும் சேர்த்தே காட்டு என்று அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கெழங்க வேக வெச்சீங்களா?"

"ஆமா கண்ணு. நீ குளிக்கறப்ப ஒரு கொதி உட்டேன். வேகாம எப்படித் தண்ணி குடிக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே ஒரு கொதி விட்டிருப்பேன். பச்சைக் கிழங்கை அன்றைக்கு என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் மட்டம் ஊசியைத் தாண்டியது. இரண்டு கிழங்கையும் காட்டி, திக்காமல் திணறாமல் சொல்லி முடித்தாளாம். இதைக் கேட்ட என் வீட்டுக்காரர், "அப்ப இத்தன வருசமா நான் செத்ததுக்குத்தான் சாயம் ஏத்தீட்டிருக்கறனா?" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. "துணிக்குப் பதில் சொல்லத் தெரியாதுங்கப்பா. எனக்குத் தெரியும். அடுத்த தடவ ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க."

மாலையில் பொரியலுக்குக் கிழங்கு வேக வைக்கச் சொன்னேன். மனிதர் சட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் முன்னால் போய் நின்றார்.

"கண்ணு, இத வேக வெச்சுக்கட்டுமா?"