கொக்கியின் இரண்டு ரத்த அழுத்தங்கள்

நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நான்கு. இரும்புக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுபவருக்கு, கிடங்கின் மருத்துவ அறையில் இரண்டாம் முறையாக வந்த ரத்த அழுத்தம். மூன்றாம் முறையும் இப்படியே வந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கொக்கி என்பார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் இதை நம்புவாரா? வீட்டில் மனைவி தினமும் காலையில் பார்க்கிற கருவி நூற்று முப்பத்திரண்டைத் தாண்டியதே இல்லை.

"சூப்பர்வைசரோட மச்சானுக்கு என் சீட்டு மேல ஒரு கண்ணு. நர்ஸம்மாவும் அவங்க ஆளுதான். ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசினதைக் கண்ணால பார்த்தேன்," என்றார் மனைவியிடம்.

"இந்தத் தடவை நானும் வர்றேன்," என்றாள் மனைவி. "நம்ம மெஷினையும் எடுத்துக்கிட்டுப் போவோம். வண்டவாளம் வெளிய வந்துடும்."

மூன்றாவது சோதனைக்கு அவள் கருவியும் கையுமாக நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கொக்கி, "முகம் கழுவிட்டு வந்துடறேன்," என்று கிடங்கின் பின்பக்கம் நழுவினார். படபடப்பு அடங்க ஒரு சிகரெட். அடங்கவில்லை, இன்னொன்று. பிறகு ஒரு புதினா மிட்டாய். அவர் புகையை விட்டு இரண்டு வருடமாகிறது என்றுதான் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள்.

கிடங்குக் கருவி நூற்று எழுபது என்றது. சற்றுப் பொறுத்து, அதே கையில் வீட்டுக் கருவி நூற்று அறுபத்தொன்பது என்றது.

மனைவி தன் கருவியைத் தட்டிப் பார்த்தாள். "இதையுமா சரிக்கட்டிட்டாங்க?"

"அண்ணே, கடைசியா எப்போ புகைச்சீங்க?" என்றார் நர்ஸ்.

"நானா?"

"பின்ன, நானா?"

மனைவி எழுந்து அவர் சட்டைக் காலரை முகர்ந்தாள். "முகம் கழுவினீங்களே, எந்தக் குழாயில? தீப்பெட்டி வெச்சுத் திறக்கிற குழாயிலயா?"

கொக்கி கூரையைப் பார்த்தார்.

"சிகரெட் இழுத்த கொஞ்ச நேரத்துலயே நாடி வேகமா ஓடும், ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும்," என்றார் நர்ஸ். "பிரஷர் பார்க்கறதுக்கு அரை மணி முன்னாடியே சிகரெட்டை நிறுத்திடுங்கன்னு போன தடவையே சொன்னேன்."

"அப்போ அரை மணி கழிச்சுப் பார்த்தா இறங்கிடும்ல?" கொக்கிக்கு முகம் மலர்ந்தது.

"இறங்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை?"

"பத்து... பன்னிரண்டு இருக்கும்."

"பன்னிரண்டு தடவையும் ஏறுதுண்ணே. வீட்டுல காலையில வர்றது ராத்திரி முழுக்கப் புகைக்காம இருந்ததோட அளவு. பகல் முழுக்க அடி வாங்கறது உங்க இதயம்."

"இதுவும் சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்ததா?"

"வாயை மூடுங்க," என்றாள் மனைவி. அவர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டி அதற்குள் அவள் கைக்கு வந்திருந்தது.

நர்ஸ் மருத்துவருக்கு எழுதி அனுப்பினார். திங்கட்கிழமை கொக்கியின் கையில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் பார்க்கும் கருவியைக் கட்டுகிறார்கள். முடிவு வரும்வரை அவருக்கு, கிரேனுக்குக் கீழே நின்று சரக்குக்குச் சங்கிலி மாட்டும் வேலை.