ரெண்டு டைமன் என்றால் ஆர்ட்டின்

ஹரிநாராயணன் சாருக்குப் பக்கவாதம் வந்தபின் முதலில் திரும்பியது சௌராஷ்டிரப் பேச்சு. தமிழ் பத்து நாள் கழித்து வந்தது. வலது கை இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு. நர்ஸாக அவரைக் கவனிக்க அலங்காநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். நல்ல நோயாளி என்று சொல்ல மாட்டேன். கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். ஆனால் உடற்பயிற்சிக்கு ஒரு நாளும் சுணங்கியதில்லை. காரணம் பிரிட்ஜ்.

சீட்டு விளையாட்டுதான். நான்கு பேர்; எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. எந்த இனம் துருப்பு என்பதை முதலில் ஏலம் கேட்டு முடிவு செய்வார்கள். முப்பது வருஷமாக அவருக்குக் கூட்டாளி ஜெயபாண்டி, மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம். ஞாயிறு காலை கிளப்பில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாரின் சீட்டுகளை மரத்தாங்கியில் அடுக்கி வைப்பேன். வாய் திறக்கக் கூடாது.

தகராறு ஒரே இடத்தில்தான். பலமான சீட்டு, எல்லா இனமும் கலந்து வந்தால் ஒருவர் ‘ஒரு நோ டிரம்ப்’, அதாவது துருப்பே வேண்டாம், என்று ஏலத்தைத் தொடங்குவார். கூட்டாளியிடம் ஆர்ட்டின் ஐந்து இருந்தால்? பழைய முறையில் ‘ரெண்டு ஆர்ட்டின்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். டிரான்ஸ்பர் முறையில் ஒரு படி கீழே, ‘ரெண்டு டைமன்’ என்பார். தொடங்கியவர் புரிந்துகொண்டு ‘ரெண்டு ஆர்ட்டின்’ என்று மாற்ற வேண்டும். அதேபோல் ஆர்ட்டின் என்று சொன்னால் இஸ்பேட்.

சார் மூன்று ஞாயிறாக அதை மறந்தார். ஜெயபாண்டி டைமன் என்றதும் அதுவே இருக்கட்டும் என்று சார் ‘பாஸ்’ சொல்லிவிட்டார். கையில் ரெண்டே டைமனை வைத்துக்கொண்டு, டைமனையே துருப்பாக்கி ஆடித் தோற்றார் ஜெயபாண்டி.

“அண்ணே, பழைய முறைக்கே போயிருவோம். இருக்கிறதைச் சொல்லுவோம். எதுக்கு இம்புட்டுச் சுத்தல்?”

“டிரான்ஸ்பரை இந்தக் கிளப்புக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்.”

“அது அப்ப. இப்ப உடம்பைப் பாருங்க.”

எனக்கும் ஜெயபாண்டி சொல்வதே சரியென்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் சாரிடம் சொன்னேன். அவர் இடது கையால் பதின்மூன்று சீட்டை மேசையில் விரித்தார். துருப்பு இனத்தை முதலில் சொன்னவர்தான் ஆடுவார். கூட்டாளி தன் சீட்டை எல்லாரும் பார்க்க இப்படி விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

“நான் தொடங்கினா, பழைய முறையில ஆடுறவன் அவன். டிரான்ஸ்பர்ல ஆடுறது நான். விரிச்சு வெச்சிட்டு வேடிக்கை பாக்கிறதுக்கு நான் எதுக்கு அங்க போகணும் சிஸ்டர்?”

இது எனக்குப் புரிந்தது. ஆடுவதை நிறுத்தினால் அந்தக் கை அதோடு நின்றுவிடும். மறுநாளிலிருந்து மாத்திரை கொடுக்கும்போது “ரெண்டு டைமன்” என்பேன். “ரெண்டு ஆர்ட்டின்” என்று வந்தால்தான் காப்பி. சவரம் செய்யும்போது “ரெண்டு ஆர்ட்டின்” என்பேன். நுரை வாயோடு “இஸ்பேட், இஸ்பேட்” என்பார்.

அடுத்த ஞாயிறு ஜெயபாண்டி உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

“இன்னிக்கு டிரான்ஸ்பர். ஒரு தடவை மறந்தாலும் இனிமே பழைய முறைதான். சரியாண்ணே?”

“சரி மாப்ள.”

நான்காவது ஆட்டத்தில் சார் ‘ஒரு நோ டிரம்ப்’ என்றார். ஜெயபாண்டி சட்டென்று “ரெண்டு ஆர்ட்டின்” என்றார். சார் கண்ணை மூடினார். நான் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

“ரெண்டு இஸ்பேட்.”

சரியான பதில். ஆனால் ஜெயபாண்டி திருதிருவென்று விழித்தார். பாஸ் சொல்லிச் சீட்டை விரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஆர்ட்டின் ஐந்து, இஸ்பேட் ஒன்றே ஒன்று. போன வாரம் பழைய முறைக்காக வாதாடியவருக்கு வாயில் அதுவே வந்துவிட்டது.

சார் அந்த ஒற்றை இஸ்பேடைப் பார்த்தார். ஆடத் தொடங்கினார். வலது கை விரலால், ஒவ்வொரு சீட்டாக இழுத்து. பதின்மூன்று சுற்றில் எட்டைப் பிடிக்க வேண்டும், ஐந்துதான் பிடித்தார். அன்று அந்த அறையில் அதைவிட மோசமாக யாரும் தோற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

“மறந்தது யாரு மாப்ள?”

“நான்தாண்ணே.”

“பழைய முறைக்குப் போயிருவமா? உனக்கு ஈஸியா இருக்கும்.”

எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஜெயபாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“ஏண்ணே மானத்தை வாங்குறீங்க! டிரான்ஸ்பரே இருக்கட்டும். நீங்களே ஆடுங்க.”

அடுத்த ஆட்டத்துக்கு சார் தன் பக்கம் வந்த சீட்டுகளை வலது கையால் தானே எடுக்கப் பார்த்தார். மூன்று கீழே விழுந்தன. குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.