ராகுகாலம் கழிந்து வாங்கிய வேன்

கிள்ளானில் பழைய டீசல் வண்டி வாங்க நினைக்கிறவன் முதலில் போய் நிற்கிற இடம் பக்கிரிசாமி வீட்டு வாசல். ஆயுசு முழுக்க லோரி ஓட்டிய மனுஷன். "அண்ணே, ஒரு எட்டு வந்து பார்த்துடுங்க" என்றால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரே ஒரு கண்டிஷன்: வண்டிக்காரன் எழுந்து சாவியைத் திருப்புவதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

போனதும் பானட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

"டீசல் எஞ்சின் சூடாயிட்டா நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்லா. ராத்திரி பூரா ஆறிக் கிடந்து காலையில எழும்பும்போதுதான் அதோட நோவெல்லாம் தெரியும்" என்பார்.

சட்டென்று பிடிக்கிறதா, முக்கி முனகிப் பிடிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். வெள்ளைப் புகை அடங்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறப்பார். குபுகுபுவென்று காற்று முட்டினால் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்: "கெளம்புங்க, வீட்டுக்குப் போவோம்." சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி மண் கறை தேடுவார், வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்று பார்க்க. விற்கிறவனுக்கு வயிறு எரியும். எரியட்டுமே! எத்தனை குடும்பம் இவரால் தப்பித்தது!

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் இந்தக் கதி.

அவர் மனைவி வள்ளியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இந்த ஆறு மாதம் பயிற்சிக்கு விடாமல் கூட்டி வந்தால் நடந்துவிடுவார், விட்டுவிட்டால் கஷ்டம். எப்படிக் கூட்டிப்போவது? பிள்ளைகள் கிடையாது. இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வாடகைக் கார்க்காரன் நிற்காமல் பறக்கிறான். பக்கவாட்டில் அகலக் கதவு வைத்த வேன் இருந்தால் நாற்காலியோடு ஏற்றிவிடலாம் என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது.

அப்படி ஒரு பழைய டீசல் வேன் ஸ்ரீ கெம்பாங்கானில் கிரிதரன் என்ற தரகனிடம் இருந்தது. சேமிப்பு மொத்தத்தையும் வழித்துப் போட்டால் வாங்கலாம். திங்கட்கிழமை விடிந்ததும் வருகிறேன் என்று பேசி வைத்தார்.

முதல்நாள் சாயங்காலம் அதை வள்ளியம்மாவிடம் சொன்னபோது அவள் இடது கையைத் தூக்கிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினாள். வாய் கோணிக்கொண்டு, "ரா... ராகுகாலம். வேணாங்க" என்றாள்.

விழுந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "அடியே, பேசிட்டியே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். அந்த நேரத்தில் அவள் உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். உடனே கிரிதரனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, காலையில ராகுகாலம். ஒன்பது மணிக்கு மேல வரேன். வண்டிய மட்டும் தொடாத."

"சரி அங்கிள், மெதுவா கெளம்பி வாங்க லா."

திங்கட்கிழமை வள்ளியம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனார். வேன் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. பானட்டில் கையை வைத்தார். சுட்டது.

"என்ன தம்பி, ஸ்டார்ட் பண்ணிட்டியா?"

"கழுவறதுக்காகப் பின்பக்கத்துலேருந்து எடுத்தேன் அங்கிள். கொஞ்ச நேரம்தான்."

கொஞ்ச நேரத்தில் வருகிற சூடா அது? வேறு யாருக்காவது பார்க்கப் போயிருந்தால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பார். "நாளைக்கு வரேன்" என்பது வாய்வரை வந்தது. "ரவாங்லேருந்து இன்னொருத்தர் வந்துக்கிட்டிருக்காரு" என்றான் அந்தப் பாவி. பக்கிரிசாமி பக்கவாட்டுக் கதவை இழுத்தார். அது தாராளமாகத் திறந்தது. நாற்காலியில் வள்ளியம்மா உள்ளே உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. சாவியைத் திருப்பினார், உடனே பிடித்தது, புகை இல்லை. எண்ணெய் மூடியைத் திறக்கப்போன கை பாதியில் நின்றுவிட்டது. திறந்தால் தெரிந்துவிடுமே! பணத்தைக் கொடுத்தார்.

கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வள்ளியம்மா ஒரு பக்க வாயால் சிரித்தாள்.

மறுநாள் காலை அவளுக்குப் பவுடர் போட்டு, நாற்காலியோடு வேனில் ஏற்றிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முக்கியது. இருமியது. வாசல் முழுக்க வெள்ளைப் புகை. பேட்டரி சாகும்வரை திருப்பினார். பட்டறை நாகையா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எஞ்சின் மொத்தமும் தேஞ்சு போச்சுண்ணே. பிரிச்சாகணும். போயும் போயும் உங்களுக்கா இது?"

பிரிக்கப் பணம் எங்கே இருக்கிறது? கிரிதரன் போனை எடுக்கவே இல்லை. அக்கம்பக்கத்தார் நாலைந்து தடவை உதவினார்கள். அப்புறம் அவர்களுக்கும் வேலை வந்துவிட்டது. யாரைக் குறை சொல்ல முடியும்? பயிற்சி நின்றது. கால் விறைத்துப்போனது. இப்போது ஆஸ்பத்திரியில் யாரும் நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. வண்டி பார்க்க யார் கூப்பிட்டாலும் பக்கிரிசாமி போவதில்லை.

பேச்சு மட்டும் வள்ளியம்மாவுக்கு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் வாசலில் துருப்பிடித்து நிற்கிற வேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நல்ல வேளைங்க. ராகுகாலத்துல வாங்கியிருந்தா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ."

பக்கிரிசாமி அவளுடைய மரத்த காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா வள்ளி" என்றார்.