ஐ.சி. படத்தில் ஒரு நினைவஞ்சலி

போன ஞாயிறு இந்தப் பேப்பரின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? மேலே இடது மூலையில், மங்கலாக, சிரிக்காத ஒரு முகம். ஐ.சி. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

அவர் சிரிக்காமல் இருக்கும் ஆளே இல்லை. காப்பாரில் லோரி ஓட்டியவர். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீடு. கேட்டுக்கு வெளியே நின்று அவர் சிரித்தால் எங்கள் சமையலறை வரை கேட்கும். பிறகு ஏன் அந்தப் படம்?

காரணம் நான்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் மனைவி சரோஜா அக்கா கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு நீலமாயி நின்னு போவுது. அவரு படமெல்லாம் அதுலதான் இருக்கு. மொத வருச நினைவஞ்சலிக்கு நல்ல படமா ஒன்னு எடுக்கணும். கொஞ்சம் வந்து பாரு லா."

போன வருடம் அவர் இறந்த விபத்தில் அவர் போனும் நொறுங்கிவிட்டது. ஆல்பங்கள் அதற்கு முன்பே வெள்ளத்தில் ஊறிப் போயின. மாடியில் இருந்ததால் கம்ப்யூட்டர் மட்டும் தப்பியது. பதினைந்து வருடப் படங்கள், பேத்தியைத் தோளில் வைத்து அவர் பாடிய வீடியோ... எல்லாம் அந்தப் பழைய பெட்டியில் மட்டும்தான்.

நமக்குத்தான் எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்து தெரியுமே - பார்மட்! மெதுவாக ஓடினால் பார்மட், நின்று போனால் பார்மட். எனக்குத் தெருவில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்' என்று பெயர் வேறு. அதைக் காப்பாற்ற வேண்டாமா?

படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி செய்தேன். எத்தனை பைல் என்று பார்த்தேன். சரியாக இருந்தது. ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு விண்டோஸ் போட ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. மறுபடி மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறையும் நின்றது. சிடியைத் திட்டினேன்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குமாரிடம் போனேன். அவர் என் கதையைப் பாதிகூடக் கேட்கவில்லை. வேறொரு சிடியைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினார். விண்டோஸே தேவையில்லையாம். அந்த சிடி, ரேம் எனும் மெமரியின் ஒவ்வொரு மூலையிலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதினது அப்படியே இருக்கிறதா என்று பார்க்குமாம். சொல்லி முடிப்பதற்குள் திரையில் சிவப்பு வரிகள். ஒன்று, பத்து, அப்புறம் நிற்கவே இல்லை.

"ரேம் போச்சுண்ணே. ரெண்டுல ஒன்னு கெட்டுப் போச்சு. நீங்க காப்பி பண்ணதெல்லாம் இது வழியாத்தான் போயிருக்கும். திறந்து பார்த்தீங்களா?"

அங்கேயே திறந்தோம். பல படங்கள் திறக்கவில்லை. திறந்தவற்றில் நெற்றி வரைக்கும் மனிதர், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வீடியோ ஓடவே இல்லை.

"பழைய டிஸ்க்ல இருந்து எடுக்க முடியாதா?" என்றேன்.

"அதுமேல எத்தன வாட்டி விண்டோஸ் போட்டீங்க?"

"நாலு."

குமார் என்னென்னவோ செய்து பார்த்தார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டினார். "தொடுறதுக்கு முன்னாடி இந்த சிடிய ஓட்டியிருக்கலாம்ண்ணே."

வேறு ரேம் மாட்டினார். பெட்டி இப்போது ஜோராக ஓடுகிறது. எனக்கு அதைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் இயந்திரத்தைத் தொடவே பயப்படுவார். என்னைப் போல் அரைகுறையாகத் தெரிந்தவர்தான் தைரியமாக அழிப்பார்.

அக்காவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "டிஸ்க் பழசுக்கா... தானா போயிருச்சு."

"நீ என்னா தம்பி பண்ணுவே? பாவம், பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் தூக்கிட்டு அலைஞ்சியே" என்று எனக்கு மைலோ கலக்க எழுந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு மூன்று முறை நேரில் சொல்லப் போனேன். மூன்று முறையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன். பேப்பர் வந்ததும் அவர் முதலில் திருப்புவது நான் எழுதும் இந்தப் பக்கத்தைத்தான்.

அக்கா, டிஸ்க் தானாகப் போகவில்லை. நான்தான் அழித்தேன்.