சோபா மாஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைகள்

பல் டாக்டரிடம் போனாலும் சரி, சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் சரி, சோபா மாஸ்டர் இருக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். போன மாதம் வீங்கிய கன்னத்தோடு டாக்டர் அறை வாசலில் மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியில் தலையை நுழைத்து, "பஞ்சுக்குப் பதிலா வெட்டுத்துணிய அடைச்சிருக்கான் படுபாவி" என்று அறிவித்தார். அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் பதறி எழுந்துவிட்டார். மாஸ்டரின் மனைவியோ, யாரோ எவரோ என்பதுபோல் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆள் ஒல்லி. உதட்டோரம் நாலைந்து சிறு ஆணிகள் எப்போதும் இருக்கும். ஆணியோடே பேசுவார், ஆணியோடே சிரிப்பார், டீ வந்தால் மட்டும் துப்புவார். மரச்சட்டத்தில் பட்டையை இழுத்துக் கட்டி, ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் எட்டுப் பக்கமும் கயிற்றால் முடிச்சுப் போட்டு இறுக்குவார். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றுக்கு நாலு நாள் ஆகும். கடைசியில் அடியில் ஒரு கறுப்புத் துணியை அடித்து எல்லாவற்றையும் மூடிவிட வேண்டியதுதான்.

"யாரு பாக்கப் போறா மாஸ்டர், ரெண்டு முடிச்சக் கொறச்சா என்ன?" என்று கூட வேலை செய்கிறவர் கேட்பார்.

"உக்கார்றவனுக்குத் தெரியாது. அவன் இடுப்புக்குத் தெரியும்."

பட்டறை பின்னால், கடை முன்னால், நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டுகிற பத்தடிக்குள் சோபாவின் விலை எங்கேயோ ஏறிவிடுகிறது. தாம் செய்த ஒன்றைத் தாமே வாங்க வேண்டுமென்றால் தாம் இருபது செய்ய வேண்டும் என்று ஒருநாள் விலைச்சீட்டைப் பார்த்து மாஸ்டர் கண்டுபிடித்தார். "மரம், ஸ்பிரிங்கு, பஞ்சு, துணி, என் கூலி, எல்லாத்தையும் சேத்தாலும் பாதிகூட வரலையே. மீதி எங்க போகுது?" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆணியிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று.

முதலாளியிடமும் கேட்டார். வேலை தாமதமானால் "என்ன மாஸ்டர்" என்று முறைக்கிற முதலாளி, கூலிப் பேச்சு வந்தால் "அண்ணே" என்று உருகிவிடுவார்.

"அண்ணே, கடை வாடகை யாரு குடுக்கறது? லைட்டு, ஏசி எல்லாம் சும்மாவா ஓடுது? இந்தப் பெரிய சோபா ஆறு மாசமா நகர மாட்டேங்குது, அது யார் தலையில விடியுது? அது ஓடட்டும், கூலியக் கூட்டிடறேன்."

மாஸ்டரின் பலவீனமே இதுதான். எதிராளி பேசப் பேச அவருக்கு எல்லாமே நியாயமாகப் படும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். பதில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வரும். "அந்த ஏசியில நானா உக்காந்திருக்கேன்?" என்று கொடியில் போட்ட சட்டையிடம் சண்டைக்குப் போவார்.

பெரிய சோபா ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடையின் முன்வாசல் வழியாகவே போனார். உள்ளே விற்பனைத் தம்பி ஒரு தம்பதியிடம், "ஃபாரின் மாடல் சார், ராயல் லுக்" என்று அளந்துகொண்டிருந்தான். மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை.

"தள்ளுப்பா."

சோபாவைக் கவிழ்த்தார். பையிலிருந்த வீட்டுச் சாவியால் அடித்துணியைச் சர்ரென்று கிழித்தார். விற்பனைத் தம்பி முதலாளியைக் கூப்பிட ஓடினான்.

"பாருங்கம்மா, ஒரு ஸ்பிரிங்குக்கு எட்டு முடிச்சு. பேரப் பிள்ளைங்க ஏறிக் குதிச்சாலும் அசையாது. கையால ஒண்ண அவுத்துக் காட்டுங்க, காசே வேணாம்."

அந்த அம்மாள் குனிந்து ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு கணவரையும் இழுக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் வியாபாரம் முடிந்தது. புதிதாக ஒன்று தருகிறோம் என்றாலும் கேட்காமல், கிழிந்ததே வேண்டும் என்று அடம்பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "அடுத்த ஞாயிறும் வந்துடுங்கண்ணே" என்றார். கிழித்துக் காட்டுவதற்கென்றே ஒரு சோபாவை ஓரமாக ஒதுக்கியும் வைத்தார். நாலு ஞாயிற்றுக்கிழமையில் பெரிய சோபா ஆறு போயிற்று.

மாஸ்டரின் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. விற்றால் கமிஷன் உண்டு என்பது அவருக்குப் பழகிய சங்கதி.

"ஆறு வித்தீங்களே, என்னங்க குடுத்தாரு?"

"டீ."

"சோபாவுக்கு ஒண்ணா?"

"வாரத்துக்கு ஒண்ணு. போன வாரம் பிஸ்கட்டும் உண்டு."

"செய்யறதுக்கு அரைக் கூலி, விக்கறதுக்கு ஒரு டீ. இப்படி ஒரு ஆளு கெடைச்சா நானே கடை போட்டிருப்பேனே!"

மாஸ்டர் சிரித்தார். "அந்தம்மா ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்தாங்க, தெரியுமா? அவுக்க முடியல."

மனைவிக்குக் கோபம் வந்த வழியே போய்விட்டது. முப்பது வருஷமாக அந்த முடிச்சுகளை ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்திலேயே இந்த மனுஷர் ஆயுசு முழுக்கச் சும்மா உழைத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தபோது பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இழுத்துப் பாத்தாங்க, சரி. பெரிய சோபா ஓடுனா கூலியக் கூட்டறேன்னாரே, ஓடிடுச்சில்ல? அத அங்கயே கேட்டுட்டு வாங்க. சட்டைகிட்ட வந்து கேக்காதீங்க."

ஐந்தாவது ஞாயிறு, புதிதாக லாட்ஜ் கட்டுகிற ஒருவர் வந்தார். வரவேற்பறைக்கு மட்டும் எட்டு வேண்டுமாம். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணே, வாங்கண்ணே! சாருக்குப் பிரிச்சுக் காட்டுங்க!"

மாஸ்டர் வந்தார். வந்தவர், பெரிய சோபாவின் நட்டநடுவில் சாவகாசமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"பெரிய சோபா ஓடுனா கூலியக் கூட்டறேன்னீங்க முதலாளி. ஆறு ஓடிடுச்சு. எவ்வளவுன்னு சொல்லிடுங்க."

"ஐயோ, அத அப்பறம் உக்காந்து பேசலாம்ணே. பார்ட்டி நிக்கறாரு பாருங்க."

மாஸ்டர் கொஞ்சம் நகர்ந்துகொண்டு, பக்கத்து இடத்தை முதலாளிக்காக உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.