சொந்த ஊர் என்ற கட்டம்

வணிகவியலில் டாக்டர் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டபோது நான் செய்த தப்பு ஒன்றுதான். சொந்த ஊர் என்ற கட்டத்தில், வட ஆற்காட்டில் இருந்த ஒரு கிராமத்தின் பேரை எழுதினேன். அந்தக் கிராமத்தை நான் பார்த்ததே இல்லை.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டி இருந்த எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் யாருக்கும் வராது. அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்த குடும்பங்கள்கூட, எந்த ஊர் என்று கேட்டால் வேலூர்ப் பக்கம், ஆரணிப் பக்கம் என்றுதான் சொல்லும். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே நைனா சொல்லிக்கொடுத்துவிட்டார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நைனா பத்து வயதில் தன் அப்பாவோடு அந்தக் கிராமத்திலிருந்து வந்தவர். ரிடையரானதும் ஊருக்குப் போய் வீடு கட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வீட்டுக்கென்று பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதைக் கழற்றி எண்ணெய் போட்டு, குங்குமப் பொட்டு வைத்து மறுபடியும் மாட்டுவார்.

"வூடே இல்ல, பூட்டுக்கு இன்னா அலங்காரம்?" என்பாள் அம்மா.

"பூட்டு வந்துட்ச்சி இல்ல, வூடு பின்னாலயே வரும்" என்பார் நைனா.

அப்போது நான் எம்.காம். முடித்து, உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் கூட்டுறவுப் பண்டகசாலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. பெங்களூரில் ஒரு பேராசிரியர் என்னை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவரிடம் ஒரே ஓர் இடம்தான் காலி. அது கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கானது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வேறு தொடங்கியிருந்தது. இந்த இடம் போனால் படிப்பு அதோடு சரி என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பம் திரும்பி வந்தது. மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போனேன். அலுவலக குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்தார். "நிம்ம ஊரு தமிழ்நாடு அல்வா?" என்று கன்னடத்தில் கேட்டார்; உங்கள் ஊர் தமிழ்நாடுதானே என்று அர்த்தம். பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் தங்கவயலில்தான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எழுதியது நீங்கள்தானே என்றார். இருப்பிடச் சான்றிதழ் கொண்டுவந்தால் கட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியெல்லாம் நைனா மேல் கோபம் கோபமாக வந்தது. பார்க்காத ஊரை ஒரு பிள்ளையின் தலையில் கட்டலாமா என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

தாலுக்கா ஆபீஸில், சான்றிதழுக்கு அப்பாவின் உறுதிமொழி வேண்டும் என்றார்கள். வாசலில் இருந்த டைப்பிஸ்ட் ஆங்கிலத்தில் நான்கு வரி அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண் போட்டிருந்தது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். வட ஆற்காட்டில் தனக்கு வீடோ நிலமோ கிடையாது, அங்கே திரும்பிப் போகும் எண்ணமும் கிடையாது, இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று நைனா உறுதி சொல்ல வேண்டும். வேறு மாதிரி எழுத முடியாதா என்று கேட்டேன். இந்த வரிக்காகத்தானேம்மா இந்தத் தாளே என்றார்.

மறுநாள் நைனா காலை ஷிப்ட் முடிந்து, குளித்து, வெள்ளைச் சட்டையோடு ஆபீஸுக்கு வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னா எழுதிக்கீது, படி" என்றார். அவருக்குத் தன் பேரை எழுதத் தெரியும், எண்கள் தெரியும், அவ்வளவுதான்.

முதல் வரியைத் தமிழில் சொன்னேன்: இத்தனை வருஷமாகச் சுரங்கத்தில் வேலை. இரண்டாவது: மகள் பிறந்தது சுரங்க ஆஸ்பத்திரியில், படித்தது இங்கே. அப்புறம் நேராக நாலாவதுக்குத் தாவினேன்: மேலே சொன்னதெல்லாம் உண்மை. சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

நைனா வாங்கவில்லை. சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கிற வேலை அவருக்கு. எந்த ஆழத்து லெவலுக்கு எத்தனை மணியடி என்று கணக்கு. ஓர் அடி குறைந்தாலும் ஆட்களோடு கேஜ் வேறு லெவலில் போய் நிற்கும். முப்பது வருஷம் எண்ணிப் பழகிய காது அது. எனக்குத்தான் அது மறந்துபோயிற்று.

"ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று தாளில் விரல் வைத்தார். "மூணு எங்கம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. படித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் தாளையே பார்த்துக்கொண்டு படித்தேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"வூடு இல்ல. நெலமும் இல்ல. எழுதினது ஒண்ணும் தப்பு இல்லியே" என்றார். பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பேரைப் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, பெங்களூருக்குத் தினம் போய்வர எந்த ரயில் சௌகரியம் என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

சான்றிதழ் கிடைத்தது. கட்டத்தைத் திருத்தினேன். இடமும் கிடைத்தது. மாப்பிள்ளைப் பேச்சை நைனாவே நிறுத்திவைத்தார்.

நான் போய்வரத் தொடங்கிய கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. நைனா பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டார். அம்மா குங்குமக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. பின்பக்கம் போய், பூட்டைக் கோழிக்கூட்டுக் கதவில் மாட்டிப் பூட்டிவிட்டு வந்தார். சாவியை என் கையில் கொடுத்து, "காலைல ரயிலுக்குக் கெளம்பறப்போ கோழிய தொறந்து வுட்டுட்டுப் போம்மா" என்றார்.